வெறுங்குடம் வைத்த வரவேற்பு

"நீர் கடலைப் பாத்தபடியே நடந்து பழகின பிள்ளை. எங்கட பக்கம் எப்ப திரும்பப் போறீர்?"

பிரதேச சபைத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு நாவலடிக்குப் போன முதல் நாள் பரமேஸ்வரி அக்கா என்னிடம் கேட்டது இது. நாவலடி எங்கள் தீவின் நடுவில், வயலுக்கும் பனங்கூடலுக்கும் இடையில் இருக்கும் சிறிய குடியிருப்பு. அக்கா அங்குள்ள முன்பள்ளியின் ஆசிரியை. மாதர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவி. கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் சின்னக் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது நண்டு வியாபாரி. எங்கள் கரையில் நண்டு வாங்கி நிறுக்க எனக்கென்று ஒரு வாடி, நாலு பெண்கள் வேலை, கொழும்புக்குப் போகும் குளிரூட்டி லொறியில் எனக்கென்று ஓர் இடம். கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்று எனக்குப் பழக்கமில்லை.

"கடல்காரருக்கு நாலு திசையும் தெரியும் அக்கா" என்றேன்.

என்னோடு வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கடைசிக் கதிரையையும் அடுக்கிவிட்டு, "பாப்பம்" என்றார்.

அந்தப் 'பாப்பம்' ஒரு வருடத்துக்குப் பிறகு, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் என்னைக் காத்துக்கொண்டு நின்றது.

விரல் தட்டிய சத்தம்

நான் பிரதேச சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளராகிச் சில மாதங்கள் கழிந்திருந்தன. நாவலடி முன்பள்ளிக்குப் புதிதாகக் கூரை போட்டு, நிலத்துக்குச் சீமெந்து பூசியிருந்தோம். திறப்புவிழா. வாசலில் வாழைமரம். ஒரு மேசையில் வெள்ளை விரிப்பு. அதன் மேல் தலைவாழை இலையில் பச்சரிசி பரப்பி, நடுவில் பித்தளைக் குடம். வாயில் மாவிலை, மாவிலைக்கு மேல் மஞ்சள் பூசிய தேங்காய். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எங்கள் ஊர்களில் எந்த நிகழ்வென்றாலும், சைவக்காரர் வீடென்றாலும் வேதக்காரர் வீடென்றாலும், வருகிற ஆளை நிறைகுடம் வைத்துத்தான் வரவேற்பார்கள்.

மாலை போட்டார்கள். பிள்ளைகள் பாடினார்கள். என் கைப்பையில் நானே எழுதிய பேச்சு இருந்தது. "நாவலடியில் குடிதண்ணீர்ப் பிரச்சினை ஒழுங்குக்கு வந்துவிட்டது" என்பது அதில் மூன்றாவது வரி. எனக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

விளக்கு ஏற்றக் குனிந்தேன். திரி கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அதை இழுத்துவிடும்போது, இடது கை சும்மா இருக்காமல் குடத்தை ஒரு தட்டுத் தட்டியது.

ணங் என்றது.

தண்ணீர் நிறைந்த குடம் அப்படிச் சத்தம் போடாது. அரிசி நிறைந்த குடமும் போடாது. நான் நிமிர்ந்து பார்த்தேன். முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடிய பிள்ளைகளில் ஒரு சிறுமி மட்டும் பக்கத்துப் பிள்ளையிடம், "கண்டுபிடிச்சிட்டா" என்று சொன்னாள். அது எல்லோருக்கும் கேட்டது.

பெருவிரல் படித்த பாடம்

அந்தக் கை ஏன் தட்டியது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நண்டு வாங்குகிறவர் நண்டைக் கண்ணால் வாங்குவதில்லை. புரட்டிப் பிடித்து, வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். சதை பிடித்த நண்டு கல்லுப்போல நிற்கும். ஓடு கழற்றிக் கனநாள் ஆகாத நண்டும் பார்வைக்குப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் விரல் அமிழும். உள்ளே வெறும் தண்ணீர். பத்து வருடம் இந்த வேலையைச் செய்த கைக்கு எதையும் தொட்டு, தட்டிப் பார்க்காமல் நம்ப வராது. வத்தகப்பழம் வாங்கினாலும் தட்டுவேன். புதுக் கதவென்றாலும் தட்டுவேன்.

இந்த வேலையை எனக்குத் தந்தது பள்ளிக்கூடம் என்று சொன்னால் நம்புவீர்களா?

என் அப்பா வள்ளத்தில் போகிறவர். பள்ளிக்கூடப் படி மிதிக்காதவர். அம்மா இடப்பெயர்வோடு புத்தகத்தை விட்டவர். வேலணை பஸ்ஸில் ஏறி உயர்தரம் வரை போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். பள்ளி அறிக்கையில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அப்பாவின் பெருவிரல் அடையாளம் இருக்கும். ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த தவணை அறிக்கையைக் கொடுத்தபோது, மை நன்றாகப் பதியும்படி அப்பாவின் விரலை நானே பிடித்து அமத்தினேன்.

அந்த நாட்களில் எங்கள் கரையில் நண்டு வாங்க ஒரேயொரு ஆள் வருவார். பாதி நண்டை 'கழிவு' என்று ஒதுக்கிவிடுவார். அவருடைய கொட்டில் சுவரில் கம்பனி இங்கிலிசில் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எல்லோரும் அதில் இருந்த கலண்டரைத்தான் பார்ப்பார்கள். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அப்பாவோடு போய் நின்றவள், கலண்டருக்குக் கீழே இருந்ததை வாசித்தேன். எந்த நண்டைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று முழுக்க அதில் இருந்தது.

"மாமா, ஒரு கால் இல்லாட்டியும் எடுக்கலாமெண்டு இஞ்ச போட்டிருக்கு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "உம்மட பெட்டையோ?" என்றார்.

"ஓம். வாசிப்பாள்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய நடை வேறு மாதிரி இருந்தது.

உயர்தரம் முடித்த கையோடு, அதே கரையில் என் வாடியைப் போட்டேன். முதலில் கூரைத் தகரம் நாலு, ஐஸ் பெட்டி ஒன்று. அந்தத் தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

நான் போட்ட அட்டவணை

சபைக்கு வந்த கதையை இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் சொல்லிவிட்டேன். வேட்பாளர் பட்டியலில் பெண்களின் எண்ணிக்கையை நிரப்பப் பெயர் கேட்டு வந்தவர்களிடம், "பெயர் மட்டும் தரமாட்டன், வட்டாரமும் தாங்கோ" என்று கேட்டு நின்று வென்றதும், பெரிய கட்சிகள் இரண்டும் ஒத்துவராமல் தவிசாளர் பதவி எங்கள் சுயேச்சைக் குழுவின் றெஜினாவில், அதாவது என்னில், வந்து முடிந்ததும் தெரிந்த கதை.

நான் முதலில் கைவைத்தது தண்ணீரில். எங்கள் தீவின் பெரும்பாலான கிணறுகள் உவர். சபையின் தண்ணீர் வண்டியான பவுசர்தான் குடிதண்ணீர் கொண்டுவரும். எனக்கு முன் அதற்கு நேரமென்று ஒன்று இல்லை. வந்தால் வந்தது. வியாபாரியாக இருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. ஐஸ் லொறி நேரத்துக்கு வருகிறது, தண்ணீர் ஏன் வராது? ஒரே நாளில் அட்டவணை போட்டேன்.

காலை ஏழு மணிக்கு எங்கள் கரையில் வள்ளங்கள் வந்துகொண்டிருக்கும். அப்போது அங்கே யாருக்கும் குடம் தூக்க நேரமில்லை. ஆகவே ஏழு மணி நாவலடிக்கு. ஒன்பதரைக்கு நண்டு நிறுத்து முடிந்திருக்கும். அது கரைக்கு. பின்னேரம் இன்னொரு நடை, அதுவும் கரைக்கு. கரையில் முன்பு வரிசையில் விட்டுப் போன கலன்களால் சண்டை வந்திருந்தது. அதனால் ஒரு விதியும் போட்டேன்: ஆள் நிற்காத குடத்துக்குத் தண்ணீர் இல்லை.

முதல் மாத முடிவில் சாரதியின் குறிப்பு வந்தது. 'நாவலடி: தாங்கியில் பெரும்பகுதி மிச்சம்.' இரண்டாவது மாதமும் அதே.

எனக்குச் சந்தோசம். ஒரு கரையில் ஐஸ் விலைப்படவில்லை என்றால் அங்கே ஐஸ் தேவையில்லை என்றுதான் வியாபாரி நினைப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மிச்சத் தண்ணீரை எங்கள் கரையில் இருக்கும் பொதுத் தாங்கிக்கு இறக்கச் சொன்னேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தத் தாங்கியில் குழாய் போட்டுத்தான் என் வாடியில் நண்டுப் பெட்டிகளைக் கழுவினார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முன்பள்ளியின் பின்பக்கம்

திறப்புவிழாவில், மேசைக்கு முன்னால் நான் நின்ற நேரம் கொஞ்சம்தான். விளக்கை ஏற்றினேன். கைப்பையில் இருந்த பேச்சை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்லி இறங்கினேன். ரொட்டியும் வாழைப்பழமும் பரிமாறத் தொடங்கியபோது, பரமேஸ்வரி அக்காவைப் பின்பக்கம் கூட்டிப்போனேன்.

"குடத்திலை ஒண்டுமில்லை அக்கா."

"ஓம், இல்லை. கிணத்து உப்புத் தண்ணியைச் சாமிக்கு வைக்கேலாது. கடையிலை வாங்கின போத்தில் தண்ணியை ஊத்துவமோ எண்டு யோசிச்சம். பிறகு ஏன் பொய்யெண்டு விட்டிட்டம்."

"பவுசர் கிழமைக்கு மூண்டு நாள் வருதே. தாங்கியிலை பெரும்பகுதி மிச்சமெண்டு சாரதி எழுதித் தாறார்."

அக்கா முதல்முறையாக என்னை நேரே பார்த்தார். "ஏழு மணிக்கு நாவலடியிலை ஆர் நிக்கிறது, சொல்லும் பாப்பம்?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் கரையில் ஏழு மணிக்கு ஊரே நிற்கும்.

"முதல் பஸ்ஸிலை எல்லாரும் வேலணைத் தோட்டங்களுக்கு வெங்காய வேலைக்குப் போயிடுவினம்" என்றார் அக்கா. "மூண்டு மணிக்குத்தான் திரும்புவினம். நிக்கிறது நானும், நடக்கேலாத கிழடுகளும். எங்களுக்குக் கிடைக்கிறது எங்களுக்குக் குடிக்கவே காணாது. நான் படலைப் படலையாப் போய்க் குடத்தைக் கொண்டுவந்து வரிசையா வச்சனான். ஆள் இல்லாத குடத்துக்கு இல்லையாம். உம்மட விதியாம். சாரதி பாவம், அவர் என்ன செய்வார்? கோர்ன் அடிச்சிட்டுப் போயிடுவார்."

"ஏன் ஒருத்தரும் சபைக் கந்தோருக்கு வந்து சொல்லேல்லை?"

"எப்ப வாறது? கந்தோர் திறக்கேக்க தோட்டத்திலை. பஸ்ஸாலை இறங்கிச் சமைச்சு, பிள்ளையளைப் பாத்திட்டு வெளிக்கிடேக்க நீங்கள் பூட்டியிடுவியள்." வாசல் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "இன்னொண்டும் இருக்கு. சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

"நீர் தெரியாமல் செய்தனீர் எண்டு இஞ்ச ஒருத்தரும் நம்பேல்லை. எங்கட தண்ணியைத் தன்ர நண்டுக்காரருக்குத் திருப்பிவிட்டிட்டா எண்டுதான் கதை."

கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. அந்தக் கதை பொய்யென்று சொல்ல வாயைத் திறந்தபோது, கழுவிய நண்டுப் பெட்டிகள் ஞாபகத்துக்கு வந்தன.

"அக்கா, அந்தக் குடத்தை எனக்குத் தருவியளோ?"

"வெறுங்குடத்தையோ? கையிலை கொண்டு வெளிக்கிடப் போறீரோ?"

"நிரப்பித் திருப்பித் தாறன்."

ஸ்கூட்டியில் கால்களுக்கு இடையில் குடத்தை நிறுத்திக்கொண்டு கிளம்பினேன். ஒழுங்கை முடக்கில், வெள்ளை வேட்டியோடு சைக்கிளில் எங்கோ நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட ஒருவர் எதிரே வந்தார். குடத்தைக் கண்டார். பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

மேசையில் குடம்

அடுத்த சபை அமர்வில், தவிசாளர் மேசையின் நடுவில் அந்தக் குடத்தை வைத்தேன். மாவிலை இல்லை, தேங்காய் இல்லை.

எதிர்ப்பக்க உறுப்பினர் ஒருவர் உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "தவிசாளர், உதுக்குள்ள தண்ணி இருக்கோ?"

"இல்லை."

"அப்ப எடுத்து அங்காலை வையுங்கோ. வெறுங்குடத்துக்கு முன்னாலை எப்பிடிக் கூட்டம் தொடங்கிறது?"

"எனக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை" என்றார் இன்னொருவர். "எண்டாலும் எடுத்து வையுங்கோவன்."

"எடுக்கலாம்" என்றேன். "ஆனால் நிரப்பித்தான் எடுக்கலாம். நாவலடிச் சனம் உதை மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கினம். நாங்கள் ஒரு மணித்தியாலம் பாத்தால் ஒண்டும் குறையாது."

பிறகு எழுந்து, அட்டவணை பிழை என்றும் அந்தப் பிழை என்னுடையது என்றும் சொன்னேன். வேறு யாரும் சொல்ல முதல் நான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பெட்டி கழுவிய தண்ணீரையும் சொன்னேன். பின்னேர நடை கரைக்கு வேண்டாம், நாவலடிக்குப் போகட்டும், ஆள் இல்லாத குடத்தையும் நிரப்பட்டும் என்று பிரேரணை வைத்தேன்.

எதிர்த்து எழும்பியவர் எங்கள் குழுவின் சூசை அண்ணை. எங்கள் கரையில் மூன்று வள்ளம் வைத்திருப்பவர். என் வாடிக்கு வரும் நண்டில் பாதிக்கு மேல் அவருடையது. தேர்தலில் எனக்காக வீடு வீடாக நடந்தவரும் அவர்தான்.

"கடலாலை வந்த சனம் பின்னேரம் உப்பைக் கழுவிறது அந்தத் தண்ணியிலை. அதை நிப்பாட்டினால் நான் கரையிலை முகம் குடுக்கேலாது" என்றார்.

"கழுவிறதுக்குக் கிணத்துத் தண்ணி இருக்கு அண்ணை. குடிக்கிறதுக்கு அவையளுக்கு ஒண்டுமில்லை."

பிரேரணை நிறைவேறியது. சூசை அண்ணை எதிராகக் கை உயர்த்தினார். முடிந்தபின் படியில் நின்று, கோபமில்லாத குரலில் சொன்னார்: "றெஜினா, நாளையிலையிருந்து என்ர நண்டை எதிர்பாராதையும்."

வெறும் பெட்டிகள்

அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாள் அவருடைய வள்ளங்கள் எங்கள் வாடியைத் தாண்டிப் போயின. அதைப் பார்த்து இன்னும் இரண்டு வள்ளம் போனது. அப்பா மட்டும் தன் சின்னக் கூடையோடு வந்தார்.

அதே கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாவலடியில் பவுசர் நின்றது. பஸ்ஸால் இறங்கிய பெண்கள் தோட்டத்து மண் காலோடு ஓடி வந்தார்கள். முதல் குடமாகப் பித்தளைக் குடத்தைப் பிடித்தேன். நிரம்பியதும் தூக்கிப் பரமேஸ்வரி அக்காவின் இடுப்பில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே விரலால் குடத்தை ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே இல்லை.

நான் சந்தோசமாகத்தான் திரும்பினேன். ஆனால் வாடியில் நாலு பெண்களும் வெறும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். மூத்தவர் ஜெயந்தி அக்கா, கழுவின பெட்டியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நாவலடிக்கு நான் செய்ததற்கு இவர்கள் ஏன் வீட்டில் இருக்க வேண்டும்?

சூசை அண்ணையிடம் போனேன். அவர் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஜெயந்தி அக்கா வாடியை நடத்தினால் நண்டு குடுப்பியளோ?"

"ஜெயந்தியோட எனக்கென்ன கோவம்? கோவம் உம்மோடதான்."

"அது இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். இந்த முறை தண்ணீர். அடுத்த முறை வீதி, விளக்கு, இறங்குதுறை. ஒவ்வொரு முறையும் காலையில் வாடியில் எத்தனை பெட்டி நிறையும் என்ற நினைப்போடு நான் கை உயர்த்தினால், நாவலடிச் சனம் சொன்ன கதை உண்மையாகிவிடும். நான் கட்டிய வாடிதான். தகரம் தகரமாகக் கட்டியது. ஆனாலும் எனக்கு இன்னொரு வாடி போடத் தெரியும். நாவலடியின் நம்பிக்கை ஒருமுறை போனால், அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த லொறியும் வராது.

கடற்றொழிலாளர் சங்கத்தில் வாடியை நாலு பெண்களின் பெயருக்கும் மாற்றிக் கையெழுத்து வைத்தேன். வாடிப் பூட்டின் திறப்பை ஜெயந்தி அக்காவிடம் கொடுத்தேன். சுவரில் நான் எழுதி ஒட்டிய தாளை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். இரண்டு நாளில் சூசை அண்ணையின் வள்ளங்கள் திரும்பி வந்தன.

அப்பாவுக்குத்தான் கவலை. "அப்ப இனி என்ர நண்டை ஆர் அமத்திப் பாக்கிறது?"

"ஜெயந்தி அக்கா பாப்பா. என்னை மாதிரி விட்டுத்தர மாட்டா."

"நீ எப்ப விட்டுத்தந்தனீ?" என்றார் அப்பா.

நாலரை மணி

கந்தோர் பூட்டிய பிறகுதான் தங்களுக்கு நேரம் என்று அக்கா சொன்னது மனதில் கிடந்தது. தண்ணீரின் நேரத்தை மாற்றினால் போதாது, எங்கள் நேரத்தையும் மாற்ற வேண்டும். ஆகவே மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் நாலரை மணிக்கு, எல்லா உறுப்பினர்களும் நாவலடி முன்பள்ளிக்கு வந்திருந்து குறை கேட்பது என்று முடிவெடுத்தோம். முதல் கையாக உயர்ந்தது சூசை அண்ணையின் கை. அறிவித்தலில் கையெழுத்து வைத்து, அதை நானே கொண்டுபோய் முன்பள்ளிக் கதவில் ஒட்டினேன்.

பரமேஸ்வரி அக்கா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு உள்ளே திரும்பி, அடுக்கி வைத்த கதிரைகளைப் பார்த்தார்.

"எல்லாம் சின்னக் கதிரை, பிள்ளை. உங்கட உறுப்பினர்மார் இதிலை இருப்பினமோ?"

"இருப்பினம் அக்கா" என்றேன். "நீங்கள் வர முதல் நான் ஒண்டிலை இருந்து பாத்திட்டன்."